காட்டூருக்கு ஒரு ஃபிளெக்ஸ்

ஸ்ரீரங்கத்தில் அடையவளஞ்சான் வீதியை ஒட்டிய அந்தச் சந்துக்குள் ஜூட் பைக்கைத் திருப்பியபோது மணி பதினொன்றே கால். வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. சந்தின் கடைசியில் இருந்த பழைய ஓட்டு வீட்டில் மட்டும் பட்டப்பகலில் டியூப்லைட் எரிந்தது.

வாசலில் சாய்த்து வைத்திருந்த ஃபிளெக்ஸ்களே அட்ரஸ் சொல்லிவிட்டன. காதுகுத்து. புதுமனை புகுவிழா. அவற்றுக்குப் பின்னால், வரிசையாக, கண்ணீர் அஞ்சலி.

உள்ளே மை வாடை மூக்கைப் பிடுங்கியது. நீளமான பிரிண்டர் ஒன்று சுவரோரம் கால் நீட்டிப் படுத்திருந்தது. தரையில் ஐம்பது வயதுப் பெண்மணி ஒருத்தி சம்மணமிட்டு உட்கார்ந்து, ஃபிளெக்ஸ் கட்டுவதற்கான மரச்சட்டத்தில் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள்.

டக். டக். டக்.

"லினக்ஸ் பாக்கறவரு நீங்கதானா தம்பி?" நிமிராமலே கேட்டாள்.

"நான்தாங்கா. ஜூட். காட்டூர்லேர்ந்து வரேன். மகாலட்சுமிங்கறது...?"

"நான்தான். காட்டூரா?" சுத்தியல் அந்தரத்தில் நின்றது. "நல்லதாப் போச்சு. இன்னிக்கு டெலிவரி ஒண்ணு அங்கதான். ஆறுக்கு நாலு, அஞ்சலி. நாலு மணிக்குள்ள கட்டியாகணும். ஸ்க்ரீன் நேத்துலேர்ந்து கறுத்துக் கெடக்கு."

"எங்க ஏரியாவுல யாருங்கா போயிட்டாங்க? எனக்குத் தெரியாம?"

"எனக்கும் தெரியாது தம்பி. ஸ்க்ரீன் வந்தாத்தான் தெரியும்."

ஆர்டர் மெயிலில் கிடக்கிறது போல என்று ஜூட் நினைத்துக்கொண்டான். சிரித்துக்கொண்டே பையை இறக்கினான்.

திருச்சியில் கம்ப்யூட்டர் மெக்கானிக்குகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் என்றால் பலரும் கும்பிடு போட்டுவிட்டு ஓடிவிடுவார்கள். ஓடாதவர்கள் இரண்டே பேர். ஜூட், இன்னொருவர் சவரிராயன். சவரிராயனை ஒரு வருடமாகக் கண்ணில் காணவில்லை. துபாய் போய்விட்டார் என்று ஜூட் தானாகவே முடிவு செய்து, அவருடைய கஸ்டமர்களையும் சந்தோஷமாகச் சேர்த்துக்கொண்டிருந்தான்.

கம்ப்யூட்டர் கேபினெட்டின் மூடியைக் கழற்றினான். ப்ளோயரால் தூசியை ஊதினான். திரைக்குப் படம் அனுப்புகிற கிராபிக்ஸ் கார்டை உருவி, அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் அழுத்தித் தேய்த்தான். எந்த மெக்கானிக்கும் முதலில் செய்கிற வைத்தியம் அது. பாதி கேஸ் அதிலேயே எழுந்து உட்கார்ந்துவிடும்.

இது எழவில்லை.

ஆன் செய்தால் லோகோ வந்தது, போனது. அப்புறம் கும்மிருட்டு. இடது மேல் மூலையில் சின்ன வெள்ளைக் கோடு ஒன்று மட்டும் அணைந்து அணைந்து எரிந்தது.

எழுத்து மட்டும் வருகிற கறுப்புத் திரைக்குப் போய் நாலு கட்டளை தட்டினான். நோய் பிடிபட்டுவிட்டது. சிஸ்டம் தன்னைத்தானே அப்டேட் செய்துவிட்டிருக்கிறது. உள்ளே அடித்தளம் புதுசு, கார்டை ஓட்டுகிற டிரைவர் புரோகிராம் பழசு. பூட்டை மாற்றிவிட்டுப் பழைய சாவியைக் கொடுத்தால் கதவு எப்படித் திறக்கும்? புது டிரைவரை இறக்கி ஏற்றினால் தீர்ந்தது.

"நெட் இருக்காங்கா?"

"கேபிள் நேத்து ராத்திரி அறுந்துடுச்சு. உங்க போன்ல இல்லையா தம்பி?"

இருந்தது. இதுவும் தொழிலில் சகஜம்தான். மெக்கானிக் தன் போனை ஒயரில் மாட்டி, தன் நெட்டைக் கொடுத்து, கஸ்டமர் மிஷினைக் காப்பாற்றுவது. ஜூட் ஒயரை எடுத்து ஒரு முனையைப் போனிலும் மறு முனையைக் கேபினெட்டிலும் சொருகினான்.

"சவரிராயனும் இப்படித்தான் சொருகினாரு" என்றாள் மகாலட்சுமி.

"அவரு இங்க வந்திருக்காரா?"

"வந்தாரு. கெட்டிக்காரரு."

டக். டக்.

நானூறு எம்பி இறங்குவதற்கு இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடமும் போன் அவன் உள்ளங்கையில் அடுப்புக்கல் போலச் சுட்டது. மை வாடைக்கு நடுவே வேறொரு வாடை எழுந்தது. ரோஜா மாலை, ஊதுவத்தி, ஐஸ். மூன்றும் கலந்து வந்தால் அது எந்த வீட்டு வாடை என்று எல்லோருக்கும் தெரியும். வாசலைத் திரும்பிப் பார்த்தான். சந்தில் ஆள் நடமாட்டமே இல்லை.

டிரைவர் ஏறி முடிந்தது. ரீஸ்டார்ட் செய்தான்.

திரை விழித்தது.

முழுசாக இல்லை. பச்சையும் ஊதாவுமாகப் பொடிப்பொடிக் கட்டங்கள். நடுவில் கிழிந்த காகிதம் மாதிரி ஏதோ ஒரு படத்தின் துண்டுகள். ஜூட் இதை நூறு தடவை பார்த்திருக்கிறான். கார்டின் நினைவைத் துடைக்காமல் டிரைவர் எழுந்தால், முன்பு அதில் வரைந்த படங்களின் மிச்சம் இப்படித் தலைகாட்டும். பயப்பட ஒன்றுமில்லை.

ஒரு துண்டில் புருவம். இன்னொன்றில் பச்சைக் கட்டம் போட்ட சட்டைக் காலர். மூன்றாவதில் ஒரு காது. காது மடலில் மச்சம்.

ஜூட்டின் கை தானாகத் தன் காதுக்குப் போனது.

'போன் மாட்டியிருக்கில்ல, அதுல இருக்கிற போட்டோவைப் படிச்சிருக்கும்' என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டு ஒயரைப் பிடுங்கினான்.

துண்டுகள் போகவில்லை. ஒன்றை ஒன்று தேடி நகர்ந்தன.

மறுபடி ரீஸ்டார்ட் செய்தான். இந்த முறை கட்டங்கள் குறைவு. படம் அதிகம். சிலுவை. இரண்டு பக்கமும் எரியும் மெழுகுவர்த்தி. நடுவே வட்டத்துக்குள், போன கிறிஸ்துமஸுக்கு மனைவி லிசி எடுத்த போட்டோ. பச்சைக் கட்டம் போட்ட சட்டையில் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தான் ஜூட்.

கண்ணீர் அஞ்சலி.

திரு. ஜூட்.

மறைவு என்ற இடத்தில் இன்றைய தேதி. நல்லடக்கம் இன்று மாலை ஐந்து மணிக்கு.

அதற்குக் கீழே 'மீளாத் துயரில்' என்று போட்டு மூன்று சின்ன வட்டங்கள். அம்மா இருதயமேரி. மனைவி லிசி. ஆறு வயது மகள் ரீனா.

"யாரு அக்கா இந்த வேலை பாத்தது?" ஜூட் கத்தினான். "விளையாட்டா இது?"

மகாலட்சுமி எழுந்து வந்து அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஓ, நீங்கதானா" என்றாள். மளிகைக் கடையில் தெரிந்தவரைப் பார்த்த குரலில்.

ஜூட்டின் இடது கை விரல் நுனிகள் மரத்தன. திரையில் இன்னொரு கட்டம் மறைந்து படம் துலங்கியது. மரப்பு முழங்கைக்கு ஏறியது. இன்னொரு கட்டம். தோள்பட்டை. படம் தெளியத் தெளிய அவன் உடம்பு ஒவ்வொரு அங்குலமாக அவனை விட்டுப் போய்க்கொண்டிருந்தது.

மணி ஒன்று பத்து.

ஜூட் மெக்கானிக். மெக்கானிக்குக்குத் தெரிந்த ஒரே தற்காப்பு, போட்டதைக் கழற்றுவது. ஒற்றைக் கையால் கறுப்புத் திரைக்குப் போனான். டிரைவரை அடியோடு நீக்கச் சொல்லிக் கட்டளை அடித்தான். நிச்சயமா என்று கேட்டது. ஆமாம் என்றான்.

திரை கறுத்தது.

அவனுக்கும்.

டியூப்லைட் இல்லை, சுவர் இல்லை, தன் மூக்கு நுனிகூட இல்லை. இமைகளை விரலால் பிரித்துப் பார்த்தான். இருட்டு. மார்புக்குள் இதயம் ஒரு துடிப்பைத் தவறவிட்டது. அடுத்ததை நிதானமாக யோசித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கம் போகாதீங்க தம்பி." காதருகே கிசுகிசுப்பு. "சவரிராயன் அப்படித்தான் போனாரு. இதே நாற்காலி. நாந்தான் கண்ணை மூடிவிட்டேன்."

விரல்களுக்குக் கண் தேவையில்லை. பதினோரு வருடமாக அடித்த கட்டளை. நீக்கியதைத் திரும்பப் போடு. எண்டர். ஆமாம். எண்டர். இறக்கி வைத்தது மிஷினிலேயே இருந்தது, நெட் தேவைப்படவில்லை. ஒரு எழுத்து தப்பினாலும் போயிற்று என்று தெரிந்தே இருட்டில் அடித்தான். வியர்வை கீபோர்டில் சொட்டியது.

மூன்று துடிப்புகள் தவறின.

வெளிச்சம் வந்தது. கூடவே திரையில் சிரிக்கும் ஜூட்டும் வந்தான், முன்னைவிடத் துல்லியமாக.

"அக்கா." அவன் நாற்காலியிலிருந்து சரிந்து அவள் காலடியில் விழுந்தான். "எனக்குச் சின்னப் பொண்ணு இருக்குக்கா. என்ன செய்யணும் சொல்லுங்க, செஞ்சிடறேன்."

"எந்திரிங்க தம்பி, கால்ல எல்லாம் விழுந்துகிட்டு." உட்கார்ந்து அடுத்த ஆணியை எடுத்தாள். "எங்க வீட்டுக்காரரு வாங்கிட்டு வந்த கார்டு அது. எங்க வாங்கினாருன்னு கடைசிவரைக்கும் சொல்லலை. அவரு முகத்தைத்தான் மொதல்ல எடுத்துச்சு. எடுத்தா ஒரு வருஷம் ஜோரா ஓடும். அப்புறம் கறுத்துடும். கறுத்தா யாராவது ஒரு மெக்கானிக்கைக் கூப்பிடுவேன். பொழப்பு ஓடணும்ல?"

"தெரிஞ்சேவா கூப்பிட்டீங்க?"

"நீங்க சவரிராயன் கஸ்டமரையெல்லாம் அள்ளிக்கிட்டப்ப, அவரு எங்க போனாருன்னு விசாரிச்சீங்களா?"

மரப்பு விலா எலும்பைத் தொட்டது.

"மிஷினுக்கு முகம் ஒண்ணு வேணும்" என்றாள் அவள். "யாரு முகம்னு அது கேக்கறதில்ல. அதோ, ஃபைல் திறந்துதான் கெடக்கு. வேற போட்டோவை மேல ஒட்டிப் பிரிண்டு குடுத்தா எடுத்துக்கும். சவரிராயனுக்கும் சொன்னேன். மாட்டேன்னுட்டாரு. பெரிய மனுஷன்."

ஜூட் பெரிய மனுஷன் இல்லை. ஒயரை மறுபடி சொருகி, போனில் போட்டோக்களைத் தள்ளினான். லிசி. ரீனா. பள்ளிக்கூட ஆண்டு விழா. வேளாங்கண்ணி. அம்மா.

விரல் நின்றது.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு. சர்க்கரை. போன மாதம் ஒரு கால் விரலை எடுத்தார்கள்.

விரலை நகர்த்தினான்.

"அங்க நின்னுச்சே" என்றாள் மகாலட்சுமி. "பாத்தேன்."

"வாயை மூடுங்க!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

தெரு வாட்ஸப் குரூப்பில் வந்த படம் ஒன்று அடுத்து கிடந்தது. ஏதோ ஒரு ஆஸ்பத்திரிக் கட்டில். நரைத்த தாடி, குழிந்த கன்னம், அறுபத்தைந்து எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெரியவர் கேமராவையே பார்த்துக்கொண்டிருந்தார். கீழே எழுதியிருந்தது: இவர் யாரென்று தெரியவில்லை, பேச்சு இல்லை, உறவினர்கள் யாராவது இருந்தால் தொடர்புகொள்ளவும், முடிந்தவரை பகிரவும்.

ஜூட் பகிரவில்லை. அன்றைக்கு இரண்டு நொடிகூடப் பார்க்காமல் தள்ளிவிட்ட படம்.

கேட்க ஆளில்லாத மனுஷன். எப்படியும் போகப்போகிறவர். ஒரு நாள் முன்னே, ஒரு நாள் பின்னே. யாருக்கு நஷ்டம்?

படத்தை மிஷினுக்கு அனுப்பினான். வட்டமாக வெட்டினான். சிரிக்கும் ஜூட்டின் மேல் ஒட்டினான். விளிம்பு சரியாகப் பொருந்த வேண்டும் என்று அந்த நிலையிலும் இழுத்து இழுத்துச் சரிசெய்தான். வேலை சுத்தமாக இருக்க வேண்டாமா?

எழுத்தை மாற்றப் போனான். வரவில்லை. பெயர், தேதி, கீழே இருக்கும் மூன்று வட்டங்கள், எல்லாம் பின்னணியோடு உருகி ஒரே படமாகியிருந்தன. மூச்சு பாதிதான் உள்ளே போனது. மணி இரண்டு ஐந்து.

"பேரு மாறலைக்கா. திரு. ஜூட்னே நிக்குது. எங்க வீட்டு ஆளுங்க போட்டோவும்..."

"முகம் போதும் தம்பி" என்றாள் மகாலட்சுமி. அன்பாக.

பிரிண்ட் கொடுத்தான்.

சுவரோரம் படுத்திருந்த பிரிண்டர் கனைத்து எழுந்தது. ஸ்ர்ர்ர் என்று இப்படியும் அப்படியும் இழைத்தது. பெரியவரின் நெற்றி வந்தது. கண்கள் வந்தன. ஒவ்வொரு பட்டைக்கும் ஜூட்டின் உடம்பு ஒவ்வொரு அங்குலமாகத் திரும்பி வந்தது. தோள். முழங்கை. விரல் நுனி. கடைசிப் பட்டை வெளியே விழுந்தபோது அவன் முழு மனிதனாக, மூச்சு நிறைய, உயிரோடு நின்றான்.

திரையில் ஒரு புள்ளி பிசகில்லை. கண்ணைப் பறிக்கும் துல்லியம்.

"காட்டூர்தானே போறீங்க? போற வழியில குடுத்திடுங்களேன்" என்று ஃபிளெக்ஸைச் சுருட்டினாள்.

ஜூட் பையை அள்ளிக்கொண்டு ஓடினான்.

"சரி, ஆட்டோவுல அனுப்பிக்கிறேன்" என்ற குரல் சந்து முனை வரை கூடவே வந்தது.

காவிரிப் பாலத்தைத் தாண்டி, ஒரு டீக்கடை வாசலில் வண்டியை நிறுத்தினான். லிசிக்குப் போன் போட்டான். எடுக்கவில்லை. வேலையாக இருப்பாள். சூடாக டீ, இரண்டு வாழைக்காய் பஜ்ஜி. பசித்தது. இவ்வளவு ருசியாக அவன் எதையும் தின்றதில்லை. மூன்றாவது பஜ்ஜியும் கேட்டு வாங்கித் தின்றான். உயிரோடு இருப்பது என்பது என்ன சுகம்! ஆஸ்பத்திரிக் கட்டிலை ஒரு முறை நினைத்தான். விரலில் இருந்த எண்ணெயைத் தாளில் துடைத்துப் போட்டான். நினைப்பும் போயிற்று.

காட்டூரில் அவன் தெருவுக்குள் நுழைந்தபோது நாலு மணி. தெருவை அடைத்துப் பந்தல் போட்டிருந்தார்கள். நீல நிற பிளாஸ்டிக் நாற்காலிகள்.

அவன் வீட்டு வாசலில்.

பந்தல் காலில் ஆறுக்கு நாலு ஃபிளெக்ஸ் புத்தம் புதுசாகத் தொங்கியது. நரைத்த தாடி. குழிந்த கன்னம். கீழே திரு. ஜூட்.

பக்கத்து வீட்டு ஸ்தனிஸ்லாஸ் எழுந்து வந்தார். பத்து வருடப் பழக்கம்.

"வாங்க தம்பி. ஜூட்டுக்குத் தெரிஞ்சவரா நீங்க? கூட வேலை பாத்தவரா?"

"அண்ணே, நான்தாண்ணே ஜூட்."

ஸ்தனிஸ்லாஸ் அவன் மூச்சை மோந்து பார்த்தார். குடித்திருக்கிறானா என்று. "துக்க வீடு தம்பி. பாத்துட்டு அமைதியாக் கெளம்புங்க" என்று தோளைத் தட்டினார்.

உள்ளே ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஹாலின் நடுவில் பெட்டி. பெட்டிக்குள் அந்தப் பெரியவர். ஜூட்டின் கல்யாணக் கோட்டு. ஜூட்டின் மோதிரம். கோட்டு கச்சிதமாகப் பொருந்தியிருந்தது.

சுவரில் கல்யாணப் போட்டோ. இருபத்திரண்டு வயது லிசியின் தோளில் கை போட்டபடி நரைத்த தாடியோடு அவரே நின்றுகொண்டிருந்தார்.

"எம்புள்ள... நான் பெத்த எம்புள்ள..." பெட்டியின் விளிம்பில் தலையை முட்டிக்கொண்டு கதறினாள் இருதயமேரி. ஏறக்குறைய தன் வயதிருந்த அந்த மகனுக்காக.

"அம்மா" என்றான் ஜூட்.

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். கும்பிட்டாள். வந்தவர்களை எல்லாம் கும்பிடுகிற கும்பிடு.

"லிசி, என்னைப் பாரு. லிசி!"

லிசி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "யாருங்க இது? ஸ்தனிஸ்லாஸ் அண்ணே, கொஞ்சம் பாருங்களேன்."

ரீனா மட்டும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. அவனுக்கு ஒரு நொடி உயிர் வந்தது. குழந்தை அம்மாவின் கையை இழுத்தது.

"அம்மா, பாவம்மா இந்த அங்கிள். அப்பாவுக்காக அழறாரு."

பெட்டியை மூடுவதற்கு முன் குடும்பப் படம் எடுக்க வேண்டும் என்று போட்டோகிராபர் குரல் கொடுத்தார். பெட்டியைச் சுற்றி எல்லோரையும் நிறுத்தினார்கள். தலைமாட்டில் அம்மா, வலது பக்கம் லிசியும் ரீனாவும். ஜூட் திமிறிக்கொண்டு வந்து இடது பக்கம் ஒட்டி நின்றான். துக்க வீட்டில் யாரைத்தான் விரட்டுவது? விட்டுவிட்டார்கள்.

மூன்று முறை பளிச்சிட்டது.

போட்டோகிராபர் கேமராவின் பின்பக்கத்தைப் பார்த்தார். புருவம் சுருங்கியது. முன்னே தள்ளிப் பார்த்தார், பின்னே தள்ளிப் பார்த்தார். ஜூட் பாய்ந்து போய் எட்டிப் பார்த்தான்.

முதல் படத்தில் அம்மா, லிசி, ரீனா, பெட்டி. இடது பக்கம், அவன் நின்ற இடத்தில், வெறும் சுவர்.

இரண்டாவதிலும் சுவர்தான். ஆனால் பெட்டிக்குள் நேராகக் கிடந்த முகம் இலேசாக இடது பக்கம் சாய்ந்திருந்தது.

மூன்றாவதில் முழுவதுமாகத் திரும்பி, கண் திறந்து, யாருமே இல்லாத அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.